கிரிப்டோ வரி: ரூபாய் கைக்கு வராமலே கட்ட வேண்டியது வந்துவிடும்

போன மாதம் திருப்பூரில் ஒரு வளைகாப்புக்குப் போயிருந்தேன். பந்தி முடிந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருந்த நேரத்தில் சித்தப்பா மகன் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, கிரிப்டோ ஆப்பைத் திறந்து போனை நீட்டினான். "அண்ணா, ரெண்டு லட்சம் போட்டேன், டிடிஎஸ் பிடிச்சதையும் சேர்த்தா ஒன்னு தொண்ணூறு வருது. நஷ்டம்தான். அப்ப வரி ஒண்ணும் வராதுல்ல?" (டிடிஎஸ் என்பது விற்கும்போதே வரிக்கென்று பிடித்துக்கொள்ளும் தொகை.) திரையைத் தள்ளிக்கொண்டே போனேன். ஒரே நிதியாண்டில் 47 தடவை ஒரு காயினைக் கொடுத்து இன்னொன்றை வாங்கியிருக்கிறான். 2022-ல் நான் செய்த அதே வேலை. அலுவலகத்திலும் புதிதாகச் சேர்ந்த இரண்டு பேர் இதையேதான் செய்துகொண்டிருக்கிறார்கள். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

ஓடிபியை யாருக்கும் சொல்லாதே, டெலிகிராமில் இரட்டிப்பாக்கித் தருகிறேன் என்பவனை நம்பாதே, இதெல்லாம் உங்களுக்கே தெரியும். விட்டுவிடுகிறேன். அதைத் தாண்டி நம் ஆட்கள் செய்யும் தவறுகள்தான் கீழே இருப்பவை.

வரி போட்டுவிட்டார்கள், அதனால் செல்லும் பணம் என்று நினைப்பது

இல்லை. கிரிப்டோவுக்கு இந்தியாவில் தடையும் இல்லை, ரூபாய் மாதிரி செலாவணி என்ற தகுதியும் இல்லை. 2018 ஏப்ரலில் ரிசர்வ் வங்கி பாங்குகளை இந்தப் பக்கம் போகக் கூடாது என்றது. 2020 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அந்தச் சுற்றறிக்கையை ரத்து செய்தது. 2022 பட்ஜெட்டில் 'மெய்நிகர் டிஜிட்டல் சொத்து' என்று பெயர் வைத்து வரி போட்டார்கள். 2025 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றம் கிரிப்டோவும் ஒரு சொத்துதான் என்று சொன்னது. வாங்கலாம், வைத்திருக்கலாம், விற்கலாம். அதற்கு மேல் எந்த உத்தரவாதமும் கிடையாது.

எஃப்ஐயு பதிவைப் பார்க்காமல் கணக்குத் திறப்பது

2023 மார்ச் 7 முதல், காயின் வாங்கி விற்கும் தளங்களான கிரிப்டோ எக்ஸ்சேஞ்சுகள் பணமோசடித் தடுப்புச் சட்டத்துக்குள் வந்துவிட்டன. நிதி அமைச்சகத்தின் கீழுள்ள எஃப்ஐயு என்ற நிதிப் புலனாய்வுப் பிரிவில் அவை பதிவு செய்தாக வேண்டும். அதே வருடம் டிசம்பரில் பைனான்ஸ் (Binance) உட்பட ஒன்பது வெளிநாட்டு எக்ஸ்சேஞ்சுகளுக்கு நோட்டீஸ் போனது, அடுத்த மாதமே இங்கே அவற்றின் தளங்கள் முடக்கப்பட்டன. பிறகு பைனான்ஸ் பதிவு செய்துகொண்டது, 2024-ல் 18.82 கோடி ரூபாய் அபராதமும் விதிக்கப்பட்டது. முடக்கிய நாளில் பணத்தை உள்ளே வைத்திருந்தவர்கள் என்ன பாடுபட்டிருப்பார்கள் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

ஆனால் பதிவு இருக்கிறது என்பதாலேயே பணம் பத்திரம் என்று அர்த்தமில்லை. பாங்கு டெபாசிட்டுக்கு 5 லட்சம் வரை காப்பீடு உண்டு, இதற்கு அப்படி எதுவும் இல்லை. 2024 ஜூலையில் வசீர்எக்ஸ் என்ற எக்ஸ்சேஞ்சில் சுமார் 23 கோடி டாலர் மதிப்புள்ள காயின்கள் திருடுபோனபோது, வாடிக்கையாளர்கள் தங்கள் சொத்தை எடுக்க ஒரு வருடத்துக்கும் மேல் காத்திருந்தார்கள்.

காயினுக்குக் காயின் மாற்றினால் வரி இல்லை என்று நம்புவது

இதுதான் இன்றும் நினைத்தால் வயிறு எரிகிற விஷயம்.

2021 ஜூலையில் ஒன்றரை லட்சத்துக்கு எத்தீரியம் வாங்கினேன். 2022 ஏப்ரல் 4 அன்று அதன் மதிப்பு 2 லட்சத்து 60 ஆயிரம். அப்போது எல்லாரும் பேசிக்கொண்டிருந்த வேறொரு காயினுக்கு முழுவதையும் மாற்றினேன். 'மாற்று' என்று ஒரு பட்டன், ஒரு தட்டு, முடிந்தது. பாங்குக்கு ஒரு ரூபாய்கூட வரவில்லை. மே மாதம் இரண்டாவது வாரம் அந்தப் புதுக் காயின் தரைமட்டமானது. கடைசியில் 1,900 ரூபாய்க்கு விற்றுவிட்டு, போனால் போகட்டும், பாடம் கற்றுக்கொண்டோம் என்று இருந்துவிட்டேன்.

அடுத்த வருடம் ஜூலையில் ரிட்டர்ன் தாக்கல் செய்ய ஆடிட்டரிடம் போனபோதுதான் விஷயமே தெரிந்தது. எக்ஸ்சேஞ்ச் ஸ்டேட்மெண்டை அச்செடுத்து வைத்திருந்தார். ஏப்ரல் 4 வரியில் பென்சிலால் ஒரு கோடு போட்டு, "இது விற்பனை, ஒரு லட்சத்துப் பத்தாயிரம் லாபம்" என்றார். மே மாதத்து வரிசைக்கு வந்து, "இது இன்னொரு விற்பனை, இதுல நஷ்டம்" என்றார். சரி, ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் பெரிய நஷ்டம்தானே என்று கேட்டேன். பதில் சொல்லாமல் கம்ப்யூட்டரை என் பக்கம் திருப்பினார். ரிட்டர்ன் படிவத்தில் 'ஷெட்யூல் விடிஏ' என்று, மேலே சொன்ன மெய்நிகர் டிஜிட்டல் சொத்துக்கென்றே ஒரு பட்டியல் இருக்கிறது. வாங்கிய தேதி, விற்ற தேதி, வாங்கிய விலை, கிடைத்த தொகை, கடைசியில் வருமானம். அந்தக் கடைசி நிரலின் தலைப்பிலேயே நஷ்டம் என்றால் பூஜ்யம் போடவும் என்று அச்சிட்டிருக்கிறது. என்னுடைய 2 லட்சத்து 58 ஆயிரத்து நூறு ரூபாய் நஷ்டம் அந்தக் கட்டத்தில் பூஜ்யம் ஆனது. மேல் வரிசையில் இருந்த 1,10,000 அப்படியே நின்றது. 30 சதவீத வரி, அதன் மேல் 4 சதவீத செஸ், ஆக 31.2. மொத்தம் 34,320 ரூபாய், வட்டி தனி. போட்ட பணம் முழுவதும் போன பிறகு, சம்பளத்திலிருந்து எடுத்துக் கட்டினேன்.

1961 வருமான வரிச் சட்டத்தின் 115பிபிஹெச் பிரிவு சொல்வது இதுதான். ஒரு காயினைக் கைமாற்றினாலே அது விற்பனை. பதிலுக்கு வந்தது ரூபாயா, டாலர் விலையை ஒட்டியே நிற்கும் யூஎஸ்டிடி என்ற காயினா, வேறு காயினா என்பதெல்லாம் கணக்கில் வராது. வாங்கிய விலையைத் தவிர எந்தச் செலவையும் கழிக்க முடியாது. கடன் வாங்கிப் போட்டிருந்தால் அந்த வட்டியையும் கழிக்க முடியாது. ஒரு காயினின் நஷ்டத்தை இன்னொரு காயினின் லாபத்தில் கழிக்க முடியாது, சம்பளத்திலும் முடியாது, அடுத்த வருடத்துக்கும் கொண்டுபோக முடியாது. பங்குச் சந்தையில் பழகியவர்கள் இங்கேதான் சறுக்குகிறார்கள், ஏனென்றால் அங்கே நஷ்டத்தைக் கழிக்கலாம், எட்டு வருடம் வரை தூக்கிக்கொண்டும் போகலாம். இன்னொன்று, வேறு வருமானமே இல்லாத கல்லூரி மாணவனுக்கும் இதே 30 சதவீதம்தான். அடிப்படை விலக்கு வரம்பு கிரிப்டோ லாபத்துக்குப் பொருந்தாது.

தம்பியின் 47 மாற்றங்களைத் தனித்தனியாக எக்செல்லில் போட்டுப் பார்த்தோம். லாபம் வந்தவை எல்லாம் சேர்ந்து 85,000, நஷ்டமானவை எல்லாம் சேர்ந்து 95,000. அவன் போன் திரை காட்டியது மைனஸ் 10,000. வரித்துறைக்குத் தெரிவது ப்ளஸ் 85,000. வரி 26,520 ரூபாய். அவன் முகம் போன போக்கைப் பார்த்து எனக்கே சங்கடமாகிவிட்டது. ஏற்கெனவே பிடித்த டிடிஎஸ் இதில் கழியும் என்பது மட்டும்தான் ஆறுதல். ஆனால் அவன் ஆப் மொத்தக் கூட்டுத்தொகையைத்தான் பெரிய எழுத்தில் காட்டுகிறது. 'மாற்று' பட்டனுக்குக் கீழே 'இது விற்பனை, வரி வரும்' என்று ஒரே ஒரு வரி எழுதினால் என்ன குறைந்துவிடும்?

விலை இறங்கும்போது யூஎஸ்டிடியில் பத்திரமாக நிறுத்தி வைக்கிறேன் என்பதும் விற்பனைதான். அதனால் நான் இப்போது ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன், உங்களுக்கும் அதையே சொல்வேன்: லாபத்தில் மாற்றுவதென்றால் முதலில் ரூபாய்க்கு விற்று, லாபத்தில் மூன்றில் ஒரு பங்கைப் பாங்கில் தனியாகப் போட்டுவிட்டு, மிச்சத்தில் மட்டும் அடுத்த காயினை வாங்குங்கள். புதுக் காயின் விழுந்தாலும் வரிப்பணம் கையில் இருக்கும்.

அப்புறம் அந்த 1 சதவீத டிடிஎஸ். 2022 ஜூலை 1 முதல் இருக்கிறது. இது லாபத்தில் 1 சதவீதம் இல்லை, விற்ற மொத்தத் தொகையில். விலை ஏறாமல் இறங்காமல் அப்படியே இருந்தாலும், 2 லட்சத்தை 20 தடவை சுற்றினால் 36,000 ரூபாய்க்கு மேல் டிடிஎஸ்ஸாகப் போய் உட்கார்ந்துவிடும். ரிட்டர்ன் போட்டால் கணக்கில் வரும், அது வரைக்கும் முடங்கிக் கிடக்கும். தினமும் வாங்கி விற்பவர்களுக்கு முதலே கரைந்துகொண்டு போகும்.

சம்பளக் கணக்கை வைத்து பி2பி விற்பது

கோவையில் என்னோடு தங்கியிருந்த நண்பனுக்கு நடந்தது. எக்ஸ்சேஞ்சில் டிடிஎஸ் பிடிக்கிறார்கள் என்று, பி2பி முறையில், அதாவது ஆளுக்கு ஆள் நேரடியாக, முன்பின் தெரியாத ஒருவருக்கு யூஎஸ்டிடி விற்றான், 40,000 ரூபாய் யூபிஐயில் வந்தது. மூன்று வாரம் கழித்து காந்திபுரத்தில் ஏடிஎம்மில் கார்டைப் போட்டால் பணம் வரவில்லை. பாங்கில் கேட்டால், வேறொரு மாநிலத்து சைபர் கிரைம் போலீஸ் சொல்லி கணக்கை முடக்கியிருக்கிறோம் என்றார்கள். அவனுக்கு வந்த 40,000, யாரிடமோ ஏமாற்றிப் பிடுங்கிய பணம். பாதிக்கப்பட்டவர் சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்குப் போன் செய்து புகார் கொடுத்ததும், அந்தப் பணம் போன வழியில் இருந்த கணக்குகளை வரிசையாகப் பிடித்துவிட்டார்கள். சம்பளம் போட்ட கணக்கு அதுதான். வாடகை, கடன் தவணை எல்லாம் நின்றது. பார்த்தே இராத ஊருக்கு மெயில் மேல் மெயில் போட்டு, விற்றதற்கான ஸ்கிரீன்ஷாட்டுகளை அனுப்பி, விடுவிக்க நாலு மாதம் ஆனது. அவன் தப்பே செய்யவில்லை, பணம் எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் வாங்கினான், அவ்வளவுதான்.

டிடிஎஸ் மிச்சம் என்பதும் தவறான கணக்கு. நேரடியாக வாங்கும்போது, வருடத்தில் வரம்பைத் தாண்டினால், அதைப் பிடித்துக் கட்ட வேண்டிய பொறுப்பு வாங்குபவர் தலையில் விழும். சாதாரண ஆட்களுக்குப் பெரும்பாலும் 50,000 ரூபாய், மற்றவர்களுக்கு 10,000.

மனைவி பெயரில் வாங்குவது

பலிக்காது. பணம் உங்களுடையது என்றால் லாபமும் உங்கள் வருமானத்தில்தான் சேரும்.

ஐடிஆர்-1 என்ற ரிட்டர்ன் படிவத்தைப் போடுவது

கூடாது. ஐடிஆர்-2, தொழில் வருமானம் இருந்தால் ஐடிஆர்-3.

ஸ்டேட்மெண்ட் ஆப்பிலேயே இருக்கும் என்று விட்டுவிடுவது

2019-ல் கொயினெக்ஸ் என்ற எக்ஸ்சேஞ்சே மூடியது. வாங்கிய விலைக்கு ஆதாரம் இல்லாவிட்டால் கழிக்க விட மாட்டார்கள். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை இறக்கி, உங்கள் மெயிலுக்கே அனுப்பி வையுங்கள்.

முன்கூட்டிய வரியை மறப்பது

டிடிஎஸ் போக வருடத்துக்கு 10,000 ரூபாயோ அதற்கு மேலோ வரி வரும் என்றால் ஜூன், செப்டம்பர், டிசம்பர், மார்ச் என்று நாலு தவணையாகக் கட்ட வேண்டும், ஒவ்வொன்றும் 15-ஆம் தேதிக்குள். ஜூலையில் சேர்த்துக் கட்டிக்கொள்ளலாம் என்றால் வட்டி.

நஷ்டம்தானே என்று தாக்கல் செய்யாமல் விடுவது

டிடிஎஸ் பிடித்த ஒவ்வொரு விற்பனையும் உங்கள் பான் எண்ணோடு 26ஏஎஸ் என்ற வரித்துறைப் பட்டியலில் ஏறியிருக்கும். அங்கே விற்பனை தெரிகிறது, உங்கள் ரிட்டர்னில் ஒன்றும் இல்லை என்றால் கேள்வி வரும். நிஜமாகவே ஒரு விற்பனையிலும் லாபம் இல்லாதவர்களுக்கு அந்த 1 சதவீதம் திரும்பக் கிடைக்கும், ஆனால் ரிட்டர்ன் போட்டால்தான். சின்னத் தொகை என்று விடுபவர்களைப் பார்த்தால் எனக்கு ஆத்திரமாக வரும், உங்கள் பணம் அது.

தம்பி முந்தாநாள் 26ஏஎஸ் இறக்கி அனுப்பியிருந்தான். ஆப்பில் இருக்கும் டிடிஎஸ்ஸுக்கும் அதில் இருப்பதற்கும் இரண்டு பதிவு பொருந்தவில்லை. எக்ஸ்சேஞ்சுக்கு மெயில் எழுதச் சொல்லியிருக்கிறேன், ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்றான், சேர்ந்து உட்கார்ந்து பார்க்க வேண்டும்.