தண்ணீர் பாட்டில் நிரம்பியே திரும்பி வந்தால்: சிறப்புத் தேவையுள்ள பிள்ளையைப் பள்ளியில் காப்பது எப்படி

நான் பஸ் ஓட்டுநர். 14 வருடமாகச் சிங்கப்பூரில் உட்லண்ட்ஸ், ஈசூன் பக்கம் ஓட்டுகிறேன். வண்டியை எடுப்பதற்கு முன்னால், கண்ணாடியில் எந்த மூலை தெரியவில்லை என்று பார்த்துக்கொள்வது என் பழக்கம். விபத்து காத்திருப்பது அந்த மூலையில்தான். பள்ளிக்கூடத்திலும் அப்படி மூலைகள் உண்டு என்பது என் மகன் தொடக்கநிலை 2 படிக்கும்போதுதான் எனக்குப் புரிந்தது.

வீட்டில் அவனைத் தம்பி என்று கூப்பிடுவோம். ஆட்டிசம் உள்ள பிள்ளை, வழக்கமான தொடக்கப்பள்ளியில் படிக்கிறான். சிங்கப்பூரில் சிறப்புத் தேவையுள்ள மாணவர்களில் ஏறக்குறைய 80 விழுக்காட்டினர் இப்படி வழக்கமான பள்ளிகளில்தான் இருக்கிறார்கள். மற்றவர்கள் சிறப்புக் கல்விப் பள்ளிகளில். நான் சொல்லப்போவது பெரும்பாலும் இரண்டு பக்கத்துக்கும் பொருந்தும்.

தினமும் என் மனைவி 600 மில்லி பாட்டிலில் தண்ணீர் நிரப்பி அனுப்புவார். செவ்வாயும் வியாழனும் அது தொடாமலே திரும்பி வந்தது. மூன்றாவது வாரம்தான் அவர் காலண்டரில் குறித்துப் பார்த்தார். இரண்டு நாளும் இசை வகுப்பு. அதே சமயத்தில் தம்பி பொம்மை பஸ்களை அடுக்கும் விதமும் மாறியிருந்தது. எப்போதும் ஜன்னலைப் பார்த்து வரிசையாக நிறுத்துவான். இப்போது எல்லாம் சுவரைப் பார்த்து, முகப்பு சுவரில் இடிக்கும்படி நின்றன. ஒரு பஸ்ஸைத் திருப்பி வைத்தேன். அவன் பேசாமல் அதை எடுத்து மறுபடியும் சுவர் பக்கம் திருப்பினான்.

நடந்தது இதுதான். இசை வகுப்பின் சத்தம் தாங்காமல் காதைப் பொத்திக்கொண்டு கத்துவானாம். அதனால் மாடிப்படி ஓரம் ஒரு நாற்காலி போட்டு, சுவரைப் பார்த்து உட்கார வைத்திருக்கிறார்கள். இடைவேளைக்கு எல்லாரும் கேன்டீனுக்குப் போனபோதும் அவனை யாரும் வந்து அழைக்கவில்லை. பையும் பாட்டிலும் வகுப்பறையில் இருந்தன. எழுந்து போகலாமா என்று கேட்க அவனிடம் வார்த்தை இல்லை. யாரும் கை நீட்டவில்லை. அந்த ஆசிரியர் கெட்டவரும் இல்லை, 30 பிள்ளைகளோடு தனியாக நின்றவர். ஆனாலும் எட்டு வயதுப் பிள்ளையைத் தண்ணீர்கூட இல்லாமல் சுவரைப் பார்க்க வைப்பது கொடுமை. நான் அதை வேறு பெயரில் சொல்லமாட்டேன்.

சரி, என்ன செய்யலாம்?

முதலில் நாம் விடவேண்டிய ஒரு பேச்சு இருக்கிறது. "கண்ணு ரெண்டை மட்டும் விட்டுட்டு மத்ததை உரிச்சிடுங்க டீச்சர்." நம் அப்பா, தாத்தா காலத்திலிருந்து வாத்தியாரிடம் பிள்ளையை விடும்போது சொல்வது. அடியாத மாடு பணியாது என்று வளர்ந்தவர்கள் நாம். பேசத் தெரியாத பிள்ளையை ஒப்படைக்கும்போது விளையாட்டுக்குக்கூட அப்படிச் சொல்லாதீர்கள். கேட்பவர் அதை அனுமதியாக எடுத்துக்கொள்ளலாம். இங்கே விதி தெளிவாக இருக்கிறது: பெண் பிள்ளைகளுக்குப் பிரம்படி கூடவே கூடாது. பையன்களுக்கும் பள்ளி முதல்வரோ அவர் அதிகாரம் கொடுத்தவரோ தவிர வேறு யாரும் கொடுக்கக்கூடாது. வகுப்பில் கோபத்தில் தட்டுவது, காதைத் திருகுவது எதற்கும் இடமில்லை.

அடுத்து, பிள்ளையின் ஒரு நாளை நிமிடக் கணக்கில் தெரிந்துகொள்ளுங்கள். கணக்குப் பாடத்திலும் ஆங்கிலப் பாடத்திலும் பெரியவர் ஒருவர் முன்னால் நிற்கிறார். பாடத்துக்கும் பாடத்துக்கும் நடுவில் என்ன நடக்கிறது? இடைவேளையில் யாரோடு உட்காருகிறான்? உடற்கல்விக்கு எங்கே உடை மாற்றுகிறான்? பள்ளிப் பேருந்தில் பக்கத்தில் யார்? கழிப்பறைக்கு உதவி தேவைப்படும் பிள்ளை என்றால் கூடப் போவது யார், அப்போது இன்னொரு பெரியவர் எங்கே நிற்பார்? கட்டம் போட்டு எழுதுங்கள். பதில் தெரியாத கட்டம் எதுவோ அங்கேதான் கேள்வி கேட்கவேண்டும்.

யாரிடம் கேட்பது? வகுப்பாசிரியரிடமும், சிறப்புக் கல்வித் தேவை அதிகாரியிடமும். ஒவ்வொரு தொடக்கப்பள்ளியிலும் உயர்நிலைப்பள்ளியிலும் இவர் இருக்கிறார். முன்பு அலைட் எஜுகேட்டர் என்றார்கள். எங்கள் விஷயத்தில் உண்மையில் கை கொடுத்தவர் அவர்தான். வருட ஆரம்பத்திலேயே ஒரு பக்கத்தில் பிள்ளையைப் பற்றி எழுதி இவர்களிடம் கொடுங்கள். ஒரே பக்கம், அதற்கு மேல் யாருக்கும் படிக்க நேரம் இருக்காது. மருத்துவமனை அறிக்கையில் உள்ள பெரிய பெயர்களைவிட இந்த மாதிரி வரிகள் உதவும்: "காதைப் பொத்தினால் இன்னும் இரண்டு நிமிடத்தில் கத்துவான் என்று அர்த்தம். சத்தம் குறைக்கும் ஹெட்போனைக் கொடுங்கள். கையைப் பிடித்து இழுக்காதீர்கள், முன்னால் நின்று படத்தைக் காட்டினால் வருவான்." பிள்ளையை எப்போது பிடித்து நிறுத்துவார்கள், அதற்குப் பயிற்சி பெற்றவர் யார், அப்படி நடந்தால் அன்றே வீட்டுக்குச் சொல்வார்களா என்பதையும் அப்போதே கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

மொழி விஷயத்தை நம்மைப் போன்ற வீடுகள் கொஞ்சம் ஊன்றிப் பார்க்கவேண்டும். பள்ளியில் ஆங்கிலம், வீட்டில் அப்பத்தாவோடு தமிழ். "வேண்டாம்", "வலிக்குது", "நிறுத்து" மூன்றையும் இரண்டு மொழியிலும் சொல்லிக்கொடுங்கள். பேசாத பிள்ளைக்கு அதே மூன்றையும் படமாகக் கொடுங்கள், கழுத்து அட்டையிலோ டேப்லெட்டிலோ எப்போதும் இருக்கட்டும். உடல் உறுப்புகளின் பெயர்களையும் வெட்கப்படாமல் சொல்லிக்கொடுங்கள். அப்பத்தா முகம் சுளித்தார். இருந்தும் சொல்லிக்கொடுத்தோம். பெயர் தெரியாத இடத்தில் யாராவது கை வைத்தால் பிள்ளை எப்படிச் சொல்லும்?

கேட்கும் விதம் இன்னும் முக்கியம். சந்தேகம் வந்த அன்று நான் தம்பியிடம் "டீச்சர் அடிச்சாங்களா?" என்று கேட்டேன். "அடிச்சாங்களா" என்றான். "அடிக்கலையா?" என்றேன். "அடிக்கலையா" என்றான். ஆட்டிசம் உள்ள பல பிள்ளைகள் கேட்டதையே திருப்பிச் சொல்வார்கள். நம் கேள்வியில் உள்ள வார்த்தையே பதிலாக வந்து நிற்கும், பிறகு அதை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது. பள்ளியின் படம் ஒன்றை வரைந்து பொம்மையை அவன் கையில் கொடுத்து, "இங்கே என்ன பண்ணுவே?" என்று மட்டும் கேளுங்கள். ஒரு தடவை போதும். துருவித் துருவிக் கேட்பதை அதற்கென்று பயிற்சி பெற்றவர்களுக்கு விடுங்கள்.

குளிப்பாட்டும்போது கவனியுங்கள். முழங்காலிலும் அதற்குக் கீழே காலின் முன்பக்கத்திலும் காயம் எல்லாப் பிள்ளைக்கும் வரும். காது, கழுத்து, மேற்கையின் உள்பக்கம், தொடை, முதுகு இங்கெல்லாம் கன்றிப்போயிருந்தால், விரல் தடம் தெரிந்தால் தள்ளிப்போடாதீர்கள். பக்கத்தில் ஒரு நாணயத்தை வைத்துப் படம் எடுங்கள், தேதியை எழுதுங்கள், அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். காயமே இல்லாமல் மற்ற மாற்றங்களும் வரலாம்: விட்டுப்போன படுக்கை நனைப்பு மறுபடி வருவது, சட்டைக் கையைக் கடிப்பது, சீருடையைப் பார்த்தாலே ஒளிவது, சாப்பாட்டுப் பெட்டி அப்படியே திரும்புவது. ஒரு நாள் நடந்தால் விடலாம். ஒரே கிழமையில் திரும்பத் திரும்ப நடந்தால் விடக்கூடாது. அதற்குத்தான் காலண்டர்.

பள்ளிக்குப் போகும்போது தனியாகப் போகாதீர்கள். கோபத்தோடும் போகாதீர்கள். நாங்கள் மூன்று வாரக் குறிப்பை எடுத்துக்கொண்டு போனோம், மனைவி பேசினார், நான் எழுதினேன். அன்று இரவே "இன்று பேசியது இது, நீங்கள் ஒப்புக்கொண்டது இது" என்று மின்னஞ்சல் அனுப்பினோம். ஹெட்போன் வந்தது, ஐந்து நிமிட மணற்கடிகாரம் வந்தது, வகுப்புக்குள்ளேயே ஓர் அமைதியான மூலை வந்தது. மாடிப்படி நாற்காலி போனது.

இப்படி நல்லபடியாக முடியாவிட்டால் முதல்வருக்கும், அப்புறம் கல்வி அமைச்சுக்கும் எழுதுங்கள். சிறப்புக் கல்விப் பள்ளி என்றால் அதை நடத்தும் சமூக சேவை அமைப்புக்கும் எழுதலாம். அடி, தகாத தொடுதல் என்றால் இந்தப் படிகளில் ஏறிக்கொண்டிருக்க வேண்டாம். நேராகக் காவல்துறைக்குப் போங்கள், அல்லது 24 மணி நேரமும் இயங்கும் 1800-777-0000 என்ற வன்முறைத் தடுப்பு உதவி எண்ணை அழையுங்கள். உடனடி ஆபத்து என்றால் 999. 18 வயதுக்குக் கீழ் உள்ளவரைக் கொடுமைப்படுத்துவது சிறார், இளையர் சட்டப்படி குற்றம். உடற்குறையாலோ மனக்குறையாலோ தன்னைக் காத்துக்கொள்ள முடியாத ஒருவருக்குத் தீங்கு செய்தால் தண்டனையை இரட்டிப்பு வரை கூட்டலாம் என்று 2020 ஜனவரி 1 முதல் சட்டம் இருக்கிறது.

இன்னொன்று, பலர் இதைக் கொடுமையாகவே நினைப்பதில்லை. பள்ளியிலிருந்து வாரம் இரண்டு தடவை போன் செய்து "இன்றைக்கு அழைத்துப் போய்விடுங்கள்" என்பது. 2019 முதல் தொடக்கநிலை 1 வயதுக்கு வந்த, மிதமான அல்லது கடுமையான சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகளுக்கும் கட்டாயக் கல்விச் சட்டம் உண்டு. பள்ளியில் இருப்பது அவர்கள் உரிமை. அழைத்துப்போகச் சொல்லும் ஒவ்வொரு தடவையும் காரணத்தை எழுதிக் கேளுங்கள்.

சக பிள்ளைகளையும் மறக்கவேண்டாம். தம்பியை ஏவிவிட்டு ஒரு பெண் பிள்ளையின் முடியை இழுக்கவைத்தார்கள். மாட்டிக்கொண்டது அவன் மட்டும்தான். இடைவேளைக்கு ஒரு துணைப் பிள்ளை வேண்டும் என்று கேட்டோம். பக்கத்து புளோக் பையன் ஒருவன் தானே முன்வந்தான்.

ஒவ்வொரு நவம்பரிலும், பள்ளி மூடுவதற்கு முன்னால், அந்த ஒரு பக்கத்தை அடுத்த ஆசிரியருக்காகத் திருத்தி எழுதுகிறேன். தம்பிக்கு இப்போது 12 வயது, அடுத்து உயர்நிலைப்பள்ளி. இந்தத் தடவை அவனைப் பக்கத்தில் உட்காரவைத்து, புது டீச்சருக்கு என்ன சொல்ல வேண்டும் என்று கேட்டேன். வெகு நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "ஜன்னல் பக்கம்" என்றான். அதை முதல் வரியாகப் போட்டேன்.