மேனேஜ்மென்ட் சரியில்லாத கம்பெனில மாட்டிக்கிட்டா என்ன செய்யலாம்

ராமநாதபுரம் மாவட்டம் மண்டபம் ஊர் பக்கம் ஒரு நண்டு கம்பெனில நாலு வருஷம் சூப்பர்வைசரா இருந்தேன், பேரு வேணாம். அங்க பட்டதைத் தான் எழுதுறேன், இறால் கம்பெனி, ஐஸ் பிளாண்ட்னு எங்க இருந்தாலும் ஒத்துவரும்.

மொதல்ல கம்பெனியே மோசமா, இல்ல அன்னைக்குப் பொழுது தான் மோசமான்னு பிரிச்சுப் பாருங்க. வரத்து கம்மி, கரண்டு போச்சு, வண்டி லேட்டு, இதெல்லாம் எங்கயும் உள்ளது. ஆனா எங்க ஓனர் காலையில போன்ல "200 கிலோ எடுத்துரு"ம்பாரு, அரை மணி நேரத்துல அவரு மச்சான் வந்து "யாரைக் கேட்டு எடுத்த"ன்னு நிப்பாரு, ஐஸுக்கு ரெண்டு பேருமே சொல்லிருக்க மாட்டாங்க, அவிச்ச நண்டு கூடையோட வெளிய கெடக்கும், உடைக்கிற அக்காமாரு அம்புட்டு பேரும் கையக் கட்டிக்கிட்டு உக்காந்திருப்பாங்க, கிலோ கணக்குல கூலி வாங்குறவங்க அவங்க, உக்காந்த நேரத்துக்கு யாரு காசு குடுப்பா. சாயங்காலம் கறி வாடை அடிக்குதுன்னு ஏச்சு மட்டும் எனக்கு. ஒரு வள்ளத்துல ரெண்டு சம்மாட்டி, அதாவது ரெண்டு மொதலாளி, ஏறுன கதை தான். மாசத்துக்கு ஒரு நாள்னா விடுங்க, வாரத்துல நாலு நாள்னா நீங்க ஓடி ஓடிப் பாத்தாலும் சரிப்படாது.

அதனால வாய்ச்சொல்லுக்கு வேலை பாக்காதீங்க. போனை வச்ச உடனே "அண்ணே நீங்க சொன்னபடி 200 கிலோ எடுக்குறேன், ஐஸ் சொல்லிரவா"ன்னு வாட்ஸப்ல ஒரு வரி போட்டுருங்க. பதில் வராது, ப்ளூ டிக் விழுந்தா போதும்.

சம்பளம் 7ம் தேதிக்குள்ள வரணும், அது சட்டம். பிஎஃப் தான் பெரிய ஏமாத்து. பேசிக், டிஏ சேத்து 12 சதவீதம் நம்மகிட்ட பிடிப்பாங்க, அதே அளவு அவங்களும் போட்டு அடுத்த மாசம் 15க்குள்ள கட்டணும். கவர்மென்ட்டோட உமாங் ஆப்புல யுஏஎன் நம்பரை (பிஎஃப்ல உங்களுக்குன்னு குடுத்த நம்பர்) வச்சு பாஸ்புக் பாருங்க, மாசாமாசம் பாருங்க. நான் சோம்பேறித்தனமா விட்டுட்டுப் பாத்தப்ப அஞ்சு மாசம் வரவே இல்ல, சம்பளத்துல மட்டும் ஒழுங்கா பிடிச்சிருக்காங்க. இந்த மாதிரினா சம்பள ஸ்லிப்போட பிஎஃப் ஆபீஸுக்கு ஆன்லைன்லயே புகார் போடலாம்.

இன்னொன்னு, மீன்பிடி தடைக்காலச் சாக்கு. ஏப்ரல் 15லருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் விசைப்படகு தான் போகாது, நாட்டுப்படகு போகும், நண்டு வலைக்காரங்க கொண்டுவந்துக்கிட்டு தான் இருப்பாங்க. "தடைக்காலம், அதான் மார்ச் சம்பளம் லேட்டு"ன்னு சொன்னா நம்பாதீங்க, மார்ச்ல என்ன தடை?

காசை விட எனக்கு உறுத்துனது வேற. ஒரு நாள் தெர்மாமீட்டர் உடைஞ்சு போச்சு, புதுசு கேட்டுக் கேட்டு அலுத்துப் போயி, டெம்பரேச்சர் ரெஜிஸ்டர்ல அளக்காமலே நானே 4 டிகிரி, 4 டிகிரின்னு எழுத ஆரம்பிச்சுட்டேன். பத்து நாள் எழுதிருக்கேன், யாரும் கேக்கல. அன்னைக்குத் தான் கெளம்பிரணும்னு தோணுச்சு.

கெளம்பும்போது சண்டை போடாதீங்க. வேற எடம் முடிவானதும் லெட்டர் குடுத்து, ஜெராக்ஸ்ல கையெழுத்தும் தேதியும் வாங்கிக்கிங்க. அது பங்குனிக்குள்ள முடிஞ்சா நல்லது, தடைக்காலத்துல இங்க புதுசா யாரும் ஆள் எடுக்குறது கஷ்டம். பிஎஃப்ல நீங்க வேலைய விட்ட தேதிய அவங்க போடாம இழுத்தடிச்சா, ரெண்டு மாசம் கழிச்சு நீங்களே ஆன்லைன்ல போட்டுக்கலாம், கெஞ்ச வேண்டியதில்ல. ஆனா ஆதார்ல பழைய போன் நம்பர் இருந்தா ஓடிபி வராது, அதை இப்பவே மாத்தி வச்சுக்கிங்க, நான் அதுக்கே ராம்நாட்டுக்கு ரெண்டு தடவ பஸ் ஏறுனேன்.