சோலார் வாட்டர் ஹீட்டர் போடுறதுக்கு முன்னாடி உங்க வீட்டு தண்ணிய பாருங்க

நம்ம ஊர்ல வெயிலுக்கா பஞ்சம், அப்படியும் சோலார் ஹீட்டர் போட்டு ரெண்டு மூணு வருஷத்துல சூடே வரலன்னு சொல்ற வீடு நிறைய இருக்கு, போய் பாத்தா பெரும்பாலும் கோளாறு தண்ணியிலயும் பைப்லயும்தான் இருக்கும். விக்க வர்றவங்க எத்தன டியூப்பு எத்தன வருஷம் வாரண்டின்னு பேசுவாங்க, உங்க வீட்டுக்கு என்ன தண்ணி வருதுன்னு கேக்குறவங்க ரொம்ப கம்மி. கோயம்புத்தூர்லயே சிறுவாணி தண்ணி மட்டும் புழங்குற வீட்டுல நல்லா ஓடுற அதே ஹீட்டர், நாலு தெரு தள்ளி போர் தண்ணி ஓடுற வீட்டுல சீக்கிரமே உப்பு அடைச்சு நின்னுடும்.

அதனால முதல் வேலை இது. ஒரு சில்வர் பாத்திரத்துல உங்க போர் தண்ணிய ஊத்தி பாதியா சுண்டுற வரைக்கும் கொதிக்க விடுங்க, ஆறினதும் கீழ்ல வெள்ளையா பொடி படிஞ்சிருக்கா, விரல வச்சு தேச்சா சுண்ணாம்பு மாதிரி வருதான்னு பாருங்க. வந்துச்சுன்னா அதேதான் ஹீட்டர் உள்ளயும் தினமும் படியும், தண்ணி 60 டிகிரிய தாண்டினா இன்னும் வேகமா படியும். பேனா சைஸ் டிடிஎஸ் மீட்டர் மட்டும் வச்சு முடிவு பண்ணாதீங்க, அது கரைஞ்சிருக்குற எல்லா உப்பையும் சேத்து காட்டும், நமக்கு தெரிய வேண்டியது ஹார்ட்னஸ், அதாவது சுண்ணாம்பா படியுற உப்பு மட்டும், அதுக்கு ஒரு பாட்டில் தண்ணிய லேப்ல குடுத்துடுங்க. குடிதண்ணிக்கே லிட்டருக்கு 200 மில்லிகிராம் ஹார்ட்னஸ்தான் நல்ல அளவு, வேற வழியில்லன்னா 600 வரைக்கும்னு இந்திய தரக்கட்டுப்பாட்டுல இருக்கு, பல போர் தண்ணி இதுக்கும் மேல போகும்.

இப்ப எந்த வகைன்னு பாக்கலாம். கண்ணாடி டியூப் வரிசையா இருக்குறது ஒண்ணு, கருப்பு தகடும் செம்பு குழாயும் கண்ணாடி மூடிக்குள்ள இருக்குற பிளாட் பிளேட் ஒண்ணு. டியூப்புதான் லேட்டஸ்ட்னு சொல்லுவாங்க, ஆனா அதுல இருக்குற வேக்யூம் சூடு வெளிய போகாம காக்குறதுக்கு, ஊட்டி கொடைக்கானல் குளிருக்கு அது பெரிய உதவி, சமவெளியில காத்தே சூடா இருக்குறதால அவ்வளவு வித்தியாசம் தெரியாது. நல்ல தண்ணி இருந்தா நான் பிளாட் பிளேட்தான் போடச் சொல்வேன், விலை கூட இருந்தாலும் கெட்டியா நிக்கும், தென்னை மட்டை விழுற வீட்டுக்கும் குரங்கு வர்ற ஊருக்கும் அதுதான் சரி, ஏன்னா தண்ணி நேரா நிக்குற கண்ணாடி டியூப் ஒண்ணு உடைஞ்சாலே டேங்க் தண்ணி மொத்தமும் அது வழியா போயிடும். உப்பு தண்ணியா இருந்தா டியூப் வகைக்கு போங்க, டியூப் வாய் அகலம்கிறதால அடைக்க நாளாகும், கழட்டி கழுவவும் முடியும். செம்பு குழாய் சன்னம், அடைச்சா ஆசிட் விட்டுத்தான் எடுக்கணும்.

சைஸ் விஷயத்துல தேவைக்கு மேல வாங்க வேண்டாம். சோலார் தண்ணி 60 டிகிரில வரும், குழாய் தண்ணி 27ன்னு வச்சுக்கோங்க, குளிக்கிற பதத்துக்கு 40 டிகிரி போதும், அப்ப 20 லிட்டர் பக்கெட்டுக்கு சுடுதண்ணி 8 லிட்டர்தான் வேணும். நாலு பேர் ஆளுக்கு ரெண்டு பக்கெட் குளிச்சாலும் 64 லிட்டர், 100 லிட்டர் ஹீட்டரே தாராளம். எல்லாரும் ஷவர்ல நிக்குற வீடுன்னா 200 போடுங்க. 100 லிட்டர 30 டிகிரி ஏத்த கரண்ட்ல கிட்டத்தட்ட 3.5 யூனிட் ஆகும், தினமும் போட்டா நம்ம ரெண்டு மாச ரீடிங்ல 200 யூனிட்டுக்கு மேல, மிச்சம் எவ்வளவுன்னு உங்க கரண்ட் கார்டை வச்சே கணக்கு போட்டுக்கலாம்.

இடம் பாக்குறதுதான் பல பேர் கோட்ட விடுறது. தெக்கு பாத்து வைக்கணும்னு எல்லாருக்கும் தெரியும், ஆனா மே மாசம் மொட்டை மாடிக்கு போய் நிழலே இல்லன்னு பாத்துட்டு வச்சுடுவாங்க. மே மாசம் கோயம்புத்தூர்ல உச்சி வெயில்ல சூரியன் நம்ம தலைக்கு கொஞ்சம் வடக்க நிக்கும், தெக்கால சுவர் நிழல் நம்ம பக்கம் விழவே விழாது. டிசம்பர்ல கதை வேற, சூரியன் நல்லா தெக்க சாஞ்சிடும், 10 அடி சுவருக்கு உச்சி வெயில்லயே 7 அடி நிழல் விழும், காலையிலயும் சாயங்காலமும் இன்னும் நீளம். சுடுதண்ணி நமக்கு வேணுங்கறதே மார்கழியிலதான, அதனால தெக்கு பக்கம் டேங்க் ரூமோ பக்கத்து வீட்டு மாடியோ இருந்தா அந்த நிழல கணக்கு பண்ணி தள்ளி வைங்க.

மோட்டாரே இல்லாம இது ஓடுறது எப்படின்னா, சூடான தண்ணி லேசாகி தானா மேல டேங்குக்கு ஏறும், ஆறின தண்ணி கனமா கீழ இறங்கும், அவ்வளவுதான். ஆனா அந்த டேங்குக்கு பச்சத்தண்ணி வரணும்னா வீட்டு ஓவர்ஹெட் டேங்கோட அடிமட்டம் சோலார் டேங்கோட மேல்மட்டத்த விட உயரத்துல இருக்கணும், இல்லன்னா சோலார் டேங்க் முழுசா ரொம்பாது. சின்டெக்ஸ் டேங்க் தரையோட தரையா உக்காந்திருக்குற வீடுகள்ல முதல்ல ஒரு மேடை கட்டியாகணும். சோலார் டேங்க் மேல ஒரு ஏர் வென்ட் பைப் நிக்கும், அது ஓவர்ஹெட் டேங்க் தண்ணி மட்டத்த தாண்டி மேல போகணும், அத எக்காரணத்துக்கும் மூடக்கூடாது, தண்ணி சொட்டுதுன்னு மூடி போட்டா டேங்க் வீங்கும், இல்ல தண்ணி இறங்கும்போது காத்து உள்ள போக வழியில்லாம அப்பளமா நசுங்கும். வீட்டுல பிரஷர் பம்ப் இருந்தா வாங்கும்போதே சொல்லிடுங்க, அதுக்கு பிரஷர் தாங்குற டேங்க் தனியா இருக்கு, சாதா டேங்க் தாங்காது.

பைப்புக்கு வெள்ளை பிவிசி வேணவே வேணாம், சூட்டுல வளைஞ்சு ஜாயின்ட் விட்டுடும், சூடு தாங்குற சிபிவிசி போடுங்க. டேங்க்ல இருந்து பாத்ரூமுக்கு 20 மீட்டர் முக்கால் இஞ்ச் பைப் ஓடுனா அதுக்குள்ள மட்டும் 5 லிட்டர் தண்ணி நிக்கும், தினமும் காலையில அது அத்தனையும் ஆறிப்போன தண்ணி, நாம கீழ விடுறது அதத்தான். ஒரே ஒரு பாத்ரூம்னா அர இஞ்ச் போட்டா பாதி மிச்சம், தண்ணி வேகம் கொஞ்சம் குறையும். கருப்பு ஃபோம் இன்சுலேஷன் கட்டாயம் சுத்துங்க, அது மேல அலுமினிய டேப்பும் சுத்தணும், வெறுமனே விட்டா வெயில்ல பொடிப்பொடியா உதிர்ந்துடும். பச்சத்தண்ணி லைன்ல ஒரு நான் ரிட்டர்ன் வால்வு வேணும், சுடுதண்ணி திரும்பி மேல டேங்குக்கு போகாம இருக்க.

முதல் தடவ தண்ணி விடுறது விடியகாலையிலயோ பொழுது சாஞ்ச பின்னாடியோதான். காலி டியூப் வெயில்ல காய்ஞ்சு கிடக்கும்போது பச்சத்தண்ணி விட்டா கண்ணாடி பட்டுன்னு வெடிக்கும். டேங்க் கழுவின நாளும் இதேதான், பகல்ல மோட்டார் ஓடாம மேல டேங்க் காலியான நாளும் இதேதான்.

துணி துவைக்க பாத்திரம் கழுவ சுடுதண்ணி வேணும்னா காலையிலயே எடுத்துக்கோங்க, எடுத்த அளவுக்கு உள்ள வர்ற பச்சத்தண்ணி பகல் பூரா சூடாகிடும். ராத்திரி எடுத்தா மறுநாள் காலையில குளிக்க குறையும். ஐப்பசி கார்த்திகை அடை மழைக்கு டேங்க்லயே ஒரு 2 கிலோவாட் காயில் வச்சுக்கலாம், கரண்ட் கசிஞ்சா உடனே கட் பண்ற ஆர்சிசிபி இல்லாம அதுக்கு கரண்ட் குடுக்காதீங்க.

பராமரிப்புன்னு பாத்தா பெருசா ஒண்ணும் இல்ல. கண்ணாடி தூசிய வெயில் ஏறுறதுக்கு முன்ன கழுவுங்க. டேங்குக்குள்ள மெக்னீசியம் ஆனோட் ராடு இருந்தா வருஷத்துக்கு ஒருக்கா கழட்டி பாருங்க, அரிச்சு சன்னமாயிருந்தா மாத்திடுங்க, அது டேங்குக்கு பதிலா தான் அரிபடுது, அது தீந்தா அப்புறம் டேங்க்தான். டியூப்போட அடி முனை கண்ணாடி மாதிரி பளபளன்னு வெள்ளியா இருக்கணும், பால் கலர்ல வெளுத்திருந்தா அந்த டியூப்ல வேக்யூம் போயிடுச்சுன்னு அர்த்தம், அது ஒண்ண மட்டும் மாத்துனா போதும்.

சித்திரை வைகாசில தண்ணி 80 டிகிரிய தாண்டும், கொழந்தைங்க பெரியவங்க இருக்குற வீட்டுல பக்கெட்ல பச்சத்தண்ணி முதல்ல, சுடுதண்ணி அப்புறம், இத எல்லாருக்கும் சொல்லி வைங்க. பாதி டியூப்ப பச்சை வலையோ பழைய சாக்கோ போட்டு மூடிடுங்க, ஊருக்கு போறதா இருந்தா முழுசா மூடிட்டு போங்க, உள்ள இருக்குற தண்ணிய மட்டும் வடிக்க வேணாம்.