மயிலாப்பூர்ப் பழைய வீட்டில் வாழ: தளம், சுவர், மரம், கிணறு

மயிலாப்பூர் சென்னைக்கு மூத்த ஊர். லஸ் சர்ச்சின் கல்வெட்டு 1516 என்கிறது. ஆங்கிலேயர் கோட்டை கட்ட இடம் பெற்றது 1639-ல்தான். மாட வீதிகளைச் சுற்றியும் லஸ் பக்கமும் மிஞ்சியிருக்கும் பழைய வீடுகள் பெரும்பாலும் தேக்கும் சுண்ணாம்பும் செங்கல்லும் கொண்டு கட்டியவை. கொல்லையில் ஒரு கிணறும், வேம்போ மாவோ தென்னையோ இருக்கும். வாடகைக்கு வந்தாலும் வாங்கி வந்தாலும், அடுக்குமாடி வீட்டுப் பராமரிப்பை இங்கே கொண்டுவந்தால் வீடு கெடும்.

முதலில் தளம், அதாவது வீட்டின் மேல்தளம். சுவருக்குச் சுவர் தேக்கு உத்தரம், அதன் மேல் நெருக்கமாகத் தேக்குச் சட்டங்கள். சட்டங்களின் மேல் மெல்லிய சிறு செங்கற்களை நெட்டுக்குத்தாக, மூலைவாட்டில், சுண்ணாம்புச் சாந்தில் அடுக்கியிருப்பார்கள். அதற்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் சேர்த்து அடித்த படுகை, கடைசியில் தட்டோடு (தட்டையான மண் ஓடு). இதுதான் மெட்ராஸ் டெரஸ். கம்பி கிடையாது. மரம் உலர்ந்திருக்கும் வரை தலைமுறைகளுக்கு நிற்கும். சுவருக்குள் செருகிய சட்டத்தின் நுனி நனைந்துகொண்டே இருந்தால் உளுத்துவிடும். நடுவில் வலுவாகத் தெரியும் தளம் ஓரத்தில் இறங்குவது இதனால்தான்.

ஆகவே பார்க்க வேண்டிய இடம் ஓரம். தை பிறந்ததும் ஏணி போட்டு, ஒவ்வொரு சட்டமும் சுவரைத் தொடும் இடத்தில் ஸ்க்ரூடிரைவர் முனையால் அழுத்துங்கள். நல்ல தேக்கில் முனை பதியாது. அரை அங்குலம் சிரமமில்லாமல் இறங்கினால் நுனி போய்விட்டது. மழைநீர்க் குழாய் இறங்கும் மூலையையும் கைப்பிடிச் சுவருக்கு நேர் கீழேயும் இரண்டு முறை பாருங்கள். நுனி போன சட்டத்துக்கு உடனே கீழே முட்டுக் கொடுத்துவிட்டு, பழைய கட்டடங்களில் வேலை செய்த பொறியாளரைக் கூப்பிடுங்கள். சுவரை ஒட்டி இரும்புச் சேனல் கொடுத்துத் தாங்க வைக்கலாம், அல்லது அந்தச் சட்டத்தை மட்டும் மாற்றலாம். முழுத் தளத்தையும் இடிக்கச் சொல்பவர் பேச்சை அவசரப்பட்டுக் கேட்க வேண்டாம்.

ஒழுக்கு இருந்தால் மாடியில் தண்ணீரை ஊற்றி விட்டுப் பாருங்கள். தேங்கும் இடத்தைச் சாக்பீஸால் வளைத்துக் குறியுங்கள். தட்டோடு மட்டும் விரிசல் விட்டிருந்தால் அந்த ஓடுகளை எடுத்துப் புதிது பதித்தால் போதும். அடியில் ஜல்லிப் படுகை கையால் நொறுங்கினால் அந்தப் பகுதியை எடுத்துவிட்டுப் புதிதாக அடிக்க வேண்டும். கணக்கு: 32 கன அடி செங்கல் ஜல்லிக்கு 12½ கன அடி நீர்த்த சுண்ணாம்பு, மணல் சேர்ப்பதில்லை. சராசரி 3 அங்குலக் கனம், 10 அடிக்கு 2 அங்குலம் வாட்டம். கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிய தண்ணீரைத் தெளித்துத் தெளித்து, அடிக்கும் மரக்கட்டை எகிறும் வரை அடிக்க வேண்டும். பிறகு ஈரச் சாக்குப் போட்டு ஒரு வாரமாவது காயாமல் காக்க வேண்டும். சித்திரை வெயிலில் செய்தால் சட்டென்று காய்ந்து வெடித்துவிடும். தை, மாசியே சரியான காலம். பங்குனியில் கபாலீசுவரர் கோயில் திருவிழா வந்துவிடும். அதன் எட்டாம் நாள் அறுபத்துமூவர் ஊர்வலம். மாட வீதிகளில் ஜல்லி லாரி நுழைய வழியே இருக்காது. சாமான்களை முன்பே இறக்கிக்கொள்ளுங்கள்.

பலர் செய்வது வேறு: பழைய தளத்தின் மேலேயே 2 அங்குலம் சிமென்ட் கான்கிரீட் போட்டு மூடிவிடுகிறார்கள். 12-க்கு 15 அடி அறையில் அது சுமார் 2 டன் கூடுதல் பாரம். பாரத்தைவிடக் கெடுதல், ஈரம் மேலே ஆவியாக வழியில்லாமல் மரத்துக்குள் இறங்குவது. 1000 லிட்டர் தண்ணீர்த் தொட்டி நிறைந்தால் ஒரு டன். அதை ஒருபோதும் அறையின் நடுவில் வைக்காதீர்கள். சுவருக்குச் சுவர் இரும்பு கர்டர் போட்டு, பாரம் சுவரில் இறங்கும்படி வையுங்கள். பூந்தொட்டி வரிசைக்கும் இதே விதி.

காக்கை எச்சத்தில் விழுந்த அரசும் ஆலும் கைப்பிடிச் சுவரில் முளைக்கும். இலையை மட்டும் கிள்ளினால் வேர் பருத்துச் சுவரைப் பிளக்கும். இரண்டு இலை விட்டபோதே சாந்தைக் கீறி வேரை முழுதும் உருவி, பள்ளத்தைச் சுண்ணாம்புச் சாந்தால் அடையுங்கள். ஆசிட் ஊற்றச் சொல்வார்கள். வேண்டவே வேண்டாம், அது சுண்ணாம்பையே கரைத்துவிடும்.

சுவரும் அப்படியே. அடியில் உப்புப் பூத்து உதிர்கிறது என்று சிமென்ட் பூசினால், ஈரம் இன்னும் மேலேறி அடுத்த பருவத்தில் பூச்சுக்கு மேலே வெடிக்கும். ஒரு பங்கு சுண்ணாம்புக்கு மூன்று பங்கு மணல் சேர்த்த பூச்சு, மேலே வெள்ளை அடிப்பது, இரண்டும் போதும். வெளியே சுவரோரத் தரை வீட்டை விட்டு வெளியே சாய்ந்திருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

கொல்லை மரத்தின் கிளை கழிக்க ஆடி, ஆவணி. ஐப்பசியில் மழை பிடித்த பிறகு ஆள் கிடைக்காது, கிளை மேல் ஏறவும் முடியாது. 2016 டிசம்பர் 12-ல் வர்தா புயல் சென்னையின் மரங்களை ஆயிரக்கணக்கில் சாய்த்தது. குல்மோகர் போல் மேலோட்டமாக வேர் விடும் மரம் வீட்டை ஒட்டி நின்றால் அதிகக் கவனம் வேண்டும். வீட்டுப் பக்கக் கிளைகளை மட்டும் கழித்துவிட்டுத் தெருப் பக்கத்தை விடுவது பெரிய தவறு: பாரம் ஒரு பக்கம் கூடி, காற்றில் மரம் அடியோடு சாயும். எல்லாப் பக்கமும் கொஞ்சம் கொஞ்சமாக, மொத்த இலைப்பரப்பில் கால் பங்குக்கு மேல் போகாமல் கழியுங்கள். கனமான கிளைக்கு மூன்று வெட்டு. முதலில் தண்டிலிருந்து ஒரு அடி தள்ளிக் கீழிருந்து மூன்றில் ஒரு பங்கு ஆழம். பிறகு அதற்குச் சற்று வெளியே மேலிருந்து முழு வெட்டு. கடைசியாக மிச்சக் கட்டையை, தண்டோடு சேரும் புடைப்பைத் தொடாமல் வெட்டுங்கள். முதல் வெட்டு இல்லாவிட்டால் கிளை விழும்போது தண்டின் பட்டையையும் உரித்துக்கொண்டு போகும். வெட்டுவாயில் தார் பூச வேண்டாம். அடிமரத்தைச் சுற்றி 4-க்கு 4 அடியாவது சிமென்ட் இல்லாமல் மண்ணாக விடுங்கள்.

தெருவோர மரம் மாநகராட்சியுடையது. மாநகராட்சியின் 1913 என்ற தொலைபேசி எண்ணில் சொல்லி அவர்களை வெட்ட வையுங்கள். மனைக்குள் நிற்கும் மரத்தையும் முழுதாக எடுப்பதற்கு முன் மண்டல அலுவலகத்தில் அனுமதி கேளுங்கள். மின்கம்பியைத் தொடும் கிளை என்றால், மின்வாரியம் லைனை நிறுத்தாமல் யாரையும் ஏற்றாதீர்கள்.

புரட்டாசியில் மாடிச் சருகு. வேம்பு, மாஞ்சருகு அடைத்த ஒரு குழாய் போதும், தளத்தில் குளம் கட்ட. சுமார் 400 சதுர அடிக்கு ஒரு 4 அங்குலக் குழாய் என்பது கணக்கு. குறைவாக இருந்தால் கூட்டிக்கொள்ளுங்கள். குழாய் வாயில் தட்டை வலையைவிடக் கூம்பு வலை நல்லது. சருகு ஒதுங்கினாலும் தண்ணீர் இறங்கும். மழைக்காலத்தில் வாரம் ஒருமுறை பெருக்குங்கள்.

அந்தத் தண்ணீரைக் கிணற்றுக்கு விடுங்கள். 1000 சதுர அடி மாடியில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் 900 லிட்டருக்கு மேல். கிணற்றுக்கு முன் இரண்டரை அடிச் சதுரத் தொட்டி கட்டி, அடியில் பெரிய ஜல்லி, நடுவில் சிறு ஜல்லி, மேலே கரட்டு மணல், படுகைகளுக்கு இடையே நைலான் வலை வையுங்கள். முதல் மழையில் வரும் மாடி அழுக்கைத் தனி வால்வு வழியே வெளியே விட்டுவிடுங்கள். மேல் மணலை ஆண்டுக்கொருமுறை எடுத்து அலசுங்கள், இல்லாவிட்டால் தொட்டி நிரம்பி முற்றத்தில் வழியும். கழிவுநீர்க் குழாய் கிணற்றை ஒட்டிப் போகிறதா என்று முன்பே பாருங்கள். கடற்கரைப் பக்கம் நன்னீர் உப்பு நீருக்கு மேல் மெல்லிய அடுக்காகவே நிற்கும். மழை நீரை உள்ளே விடாமல் மோட்டாரால் மட்டும் இறைத்தால் கிணறு உப்பாகிவிடும். கிணற்றை மூடி மேலே கார் நிறுத்த இடம் போடும் யோசனை யார் சொன்னாலும் மறுத்துவிடுங்கள்.