ஒலிநூலில் துப்பறியும் தொடர் கேட்கிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் எனக்குத் தெரிந்த வட்டத்தில் ஒலிநூல் கேட்பவர்கள் பெருகிவிட்டார்கள். சாட்ஸ்வர்த்திலிருந்து பீட்டர்மாரிட்ஸ்பர்குக்கு என்3 சாலையில் வேலைக்குப் போய்வருகிறவர்களுக்குக் காரிலேயே பாதி நாவல் முடிந்துவிடுகிறது. மின்வெட்டுக் காலத்தில் இருட்டில் உட்கார்ந்து கேட்கப் பழகியவர்களும் உண்டு. புதிதாக வருகிறவர்கள் சொல்லும் குறைகளைக் கேட்டால், ஆரம்பத்தில் நாங்கள் எல்லோரும் சறுக்கிய அதே இடங்கள். சார்ஜ் போடுவது போன்ற சில்லறை விஷயங்களை விட்டுவிடுகிறேன். லூயிஸ் பென்னியின் கமாஷ் தொடரை வைத்தே சொல்கிறேன். கனடாவின் கியூபெக் மாகாணக் காவல்துறையில் கொலை வழக்குகளைப் பார்ப்பவர் கமாஷ்.

நடுவில் நுழைவது

இன்றுவரை என்னை எரிச்சல்படுத்துகிற தவறு இதுதான். ‘ஒவ்வொரு நாவலிலும் தனித்தனி கொலைதானே, எங்கே தொடங்கினால் என்ன’ என்று நினைக்கிறார்கள். செயலியும் மதிப்பெண் அதிகம் வாங்கிய நூலைத்தான் முதலில் காட்டும்.

என் நாத்தனார் மகள் அப்படித்தான் ‘பரி யுவர் டெட்’டை வாங்கினாள். 2010இல் வந்த ஆறாவது நாவல், பரிசுகள் பெற்றது. குளிர்காலக் கியூபெக் நகரம், அங்கே ஒரு பழைய ஆங்கில நூலகம், அதன் நிலவறையில் ஒரு பிணம். அருமையான நாவல். ஆனால் அதன் இன்னொரு இழையில், ஐந்தாவது நாவலான ‘தி ப்ரூட்டல் டெல்லிங்’கில் முடிந்துபோன வழக்கு மறுபடி கிளறப்படுகிறது. சொக்கிப்போய்க் கேட்டு முடித்தாள். அதே வேகத்தில் ஐந்தாவதை வாங்கினாள். மரியன்ஹில் சுங்கச்சாவடியைத் தாண்டுவதற்குள் எனக்கு ஃபோன் வந்தது: “அத்தை, எல்லாமே ஏற்கெனவே தெரிஞ்சு போச்சு. மிச்சத்தை எதுக்குக் கேக்கணும்?”

கொலையாளி பெயர் தெரிந்துபோனது கூடப் பெரிய இழப்பு இல்லை. நாம் விரும்பத் தொடங்கிய ஓர் ஊர்க்காரர் மேல் மெல்ல மெல்லச் சந்தேகம் படர்வதுதான் ஐந்தாவது நாவலின் உயிர். அந்த வேதனை அவளுக்குக் கிடைக்கவே இல்லை. இனி கிடைக்கவும் கிடைக்காது.

அச்சு நூலில் இதிலிருந்து ஓரளவு தப்பிக்கலாம். பழைய வழக்கின் பெயர் கண்ணில் பட்டதும் புத்தகத்தை மூடிவிடலாம். ஒலியில் அது முடியாது. கை ஸ்டியரிங்கில் இருக்கிறது. நீங்கள் ஃபோனைத் தொடுவதற்குள் குரல் சொல்லி முடித்துவிடும். கேட்டதைக் கேட்காததாக்க வழியில்லை. அதனால்தான் ஒலியில் வரிசை இன்னும் முக்கியம் என்கிறேன். 2005இல் வந்த ‘ஸ்டில் லைஃப்’பில் தொடங்குங்கள். அது சற்று மந்தம்தான். பரவாயில்லை, அதிலேயே தொடங்குங்கள்.

ஒரே நூலை இருமுறை வாங்குவது

இரண்டாவது நாவல் பிரிட்டனில் ‘டெட் கோல்ட்’, அமெரிக்காவில் ‘எ ஃபேட்டல் கிரேஸ்’. நான்காவதுக்கும் ‘தி மர்டர் ஸ்டோன்’, ‘எ ரூல் அகென்ஸ்ட் மர்டர்’ என்று இரண்டு பெயர்கள். இங்கே புத்தகக் கடையில் ஒரு பெயரில் பார்ப்போம், செயலியில் இன்னொரு பெயரில் கிடைக்கும். தலைப்பை நம்பாதீர்கள், தொடரில் எத்தனையாவது என்று பாருங்கள்.

வேகத்தைக் கூட்டுவது

ஒன்றரை மடங்கு வேகத்தில் பன்னிரண்டு மணி நேரம் எட்டாகும், உண்மைதான். ‘பரி யுவர் டெட்’டில் மூன்று கதைகள் மாறிமாறி வருகின்றன. அச்சில் இடைவெளி விட்டு அதைக் காட்டுவார்கள். ஒலியில் அந்த இடைவெளி, வாசிப்பவர் விடும் ஒரு மூச்சு மட்டுமே. வேகம் கூடினால் அதுவும் சுருங்கும். சில செயலிகளில் மௌனத்தைத் தாண்டிச் செல்லும் வசதி வேறு இருக்கிறது. அதை முதலில் அணைத்துவிடுங்கள்.

குரல் மாறியதும் விட்டுவிடுவது

முதல் பத்து நாவல்களை வாசித்தவர் ரால்ஃப் கோஷம். 2014இல் அவர் காலமானார். பதினோராவதில் ராபர்ட் பாத்ஹர்ஸ்ட் வந்தார். கமாஷையே யாரோ மாற்றிவிட்டது போல முதலில் நெஞ்சு ஒப்பாது. மூன்று அத்தியாயம் பொறுத்துப் பாருங்கள்.

படுக்கையில் கேட்பது

நீங்கள் தூங்கிப்போனாலும் கதை ஓடிக்கொண்டே இருக்கும். 15 நிமிடத்தில் தானே நிற்கும்படி செயலியில் டைமர் வையுங்கள்.

மொபைல் டேட்டாவில் ஓடவிடுவது

64 கிலோபிட் தரத்தில் ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 29 எம்பி. டேட்டா விலையைக் குறைக்கச் சொல்லி 2016இல் போராட்டமே நடந்த நாடு இது. வீட்டு வைஃபையில் இறக்கிக்கொண்டு கிளம்புங்கள்.

பெயரை இணையத்தில் தேடுவது

பிரெஞ்சுப் பெயர்கள் காதில் ஒன்றாகவும் எழுத்தில் வேறாகவும் இருக்கும். எப்படி எழுதுவது என்று தேடப்போனால், அந்தப் பாத்திரம் பின்னால் என்ன ஆகிறது என்பதைத் தேடுபெட்டியே முந்திக்கொண்டு சொல்லிவிடும். கமாஷ், போவ்வார், ரூத் என்று காதில் விழுந்தபடியே தமிழில் ஒரு சீட்டில் எழுதி, யார் யாருக்கு என்ன உறவு என்று பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள். வண்டியை நிறுத்திய பிறகு.