ஜெர்மனியில் டிரேட்மார்க்: சான்றிதழ் வந்துவிட்டால் போதுமா?

ஜெர்மனியில் டிரேட்மார்க் பதிவதில் மிகப் பெரிய தவறு, மியூனிக்கில் இருக்கும் டி.பி.எம்.ஏ. (ஜெர்மனியின் காப்புரிமை, டிரேட்மார்க் அலுவலகம்) எல்லாவற்றையும் சோதித்துவிடும் என்று நம்புவது. அதே பெயர் வேறொருவரிடம் ஏற்கெனவே இருக்கிறதா என்று அது பார்ப்பதே இல்லை. பெயர் சரக்கை வெறுமனே விவரிக்கிறதா, வாங்குபவரை ஏமாற்றுகிறதா என்பன போன்றவற்றைத்தான் பார்க்கிறது. அந்தப் பெயரை உங்களுக்கு முன்பே வைத்திருப்பவர், உங்கள் பதிவு வெளியான 3 மாதத்துக்குள் ஆட்சேபிக்கலாம். அதைத் தவறவிட்டாலும் ரத்து கேட்கலாம். வக்கீல் நோட்டீஸ் அனுப்பி, அதன் செலவையும் உங்களிடமே கேட்கலாம். அச்சடித்த லேபிள், பெயர்ப்பலகை எல்லாம் அப்போது வீண்.

ஆகவே தேடுவது உங்கள் பொறுப்பு. டி.பி.எம்.ஏ.வின் பதிவேட்டை இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். ஆனால் அதில் ஜெர்மன் டிரேட்மார்க்குகளை மட்டும் பார்த்து நிறுத்திவிடாதீர்கள். ஐரோப்பிய ஒன்றிய டிரேட்மார்க்குகளும், ஜெர்மனியையோ ஒன்றியத்தையோ குறிப்பிட்ட சர்வதேசப் பதிவுகளும் ஜெர்மனியில் செல்லுபடியாகும். எழுத்து வேறானாலும் உச்சரிப்பு நெருங்கினால் சிக்கல்தான். பதிவே இல்லாத நிறுவனப் பெயருக்கும் உரிமை இருக்கலாம். இந்தத் தேடலுக்கு வக்கீலிடம் செலவழிக்கும் பணம் வீணாகாது என்பது என் உறுதியான கருத்து.

அடுத்தது வகுப்புகள், அதாவது சரக்குகளையும் சேவைகளையும் எண்ணிட்டுப் பிரித்த பிரிவுகள். ஊறுகாய் 29, மசாலாப் பொடி 30, உணவகம் 43. விண்ணப்பித்த பிறகு பட்டியலைக் குறைக்கலாம், கூட்ட முடியாது. விட்டுப்போனதற்குப் புது விண்ணப்பம்தான். அதற்காகக் கண்டதையெல்லாம் சேர்ப்பதும் தவறு. ஆட்சேபனைக் காலம் முடிந்து 5 ஆண்டுகள் பயன்படுத்தாத சரக்குகளுக்கான உரிமையை மற்றவர்கள் ரத்து செய்ய வைக்கலாம்.

இணைய விண்ணப்பத்துக்கு 290 யூரோ. 3 வகுப்புகள் வரை அதிலேயே அடக்கம். 3 மாதத்துக்குள் கட்டாவிட்டால் விண்ணப்பம் திரும்பப் பெற்றதாகக் கருதப்படும். நிராகரித்தாலும் பணம் திரும்பாது. இந்தியாவில் முதலில் விண்ணப்பித்தவர்கள் 6 மாதத்துக்குள் இங்கே விண்ணப்பித்தால் அந்தத் தேதியையே முன்னுரிமையாகக் கோரலாம். இதைப் பலர் கோட்டை விடுகிறார்கள்.

பதிவு வெளியானதும் அரசு முத்திரை போன்ற சின்னத்தோடு பில்கள் வரக்கூடும். ஏதோ ஒரு பட்டியலில் பெயர் சேர்க்கத் தனியார் கேட்கும் பணம் அது. டி.பி.எம்.ஏ.வே இதைப் பற்றி எச்சரிக்கிறது. கணக்கு எண்ணை அலுவலகத்தின் இணையதளத்தோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் ஒரு யூரோகூட அனுப்பாதீர்கள்.