ஃப்ரீசரில் வைத்த சவர்டோ பீட்சா மாவு கிழியாமல் இருக்க

ஃப்ரீசரிலிருந்து எடுத்த சவர்டோ மாவு (கடை ஈஸ்ட் இல்லாமல் இயற்கையாகப் புளிக்க வைக்கும் மாவு) உப்பாமல், விரிக்கும்போது ஓட்டை விழுந்தால், பெரும்பாலும் அது முழுக்கப் புளித்த பிறகு உறைய வைத்ததாக இருக்கும். பனிப்படிகங்கள், மாவை இழுபட வைக்கும் புரதமான குளூட்டனின் வலையை அறுக்கின்றன. செத்த ஈஸ்டிலிருந்து கசியும் குளூட்டதையோன் என்ற பொருள் அதை இன்னும் தளர்த்திவிடுகிறது.

எனக்குச் சரிவந்த அளவு: புரதம் 12 சதவீதத்துக்குக் குறையாத மாவு 500 கிராம், தண்ணீர் 300, நன்றாகப் பொங்கிய ஸ்டார்ட்டர் (மாவும் தண்ணீரும் கலந்து தானே புளிக்க விட்ட கலவை) 100, உப்பு 12, ஆலிவ் எண்ணெய் 15. தண்ணீரைக் கூட்டினால் பனியும் கூடும்.

பிசைந்த மாவு ஒன்றரை மடங்கு ஆனதுமே நான்காகப் பிரித்து உருட்டுங்கள். இரண்டு மடங்காகும்வரை காத்திருக்கக் கூடாது. மிச்சப் புளிப்பு பனி இளகிய பிறகு நடக்கட்டும். உருண்டையை இரண்டு சென்டிமீட்டர் தடிமன் வட்டாகத் தட்டி, எண்ணெய் தடவி, தட்டில் வைத்து உறைய விடுங்கள். தட்டையாக இருந்தால் நடுப்பகுதியும் சீக்கிரம் உறையும், படிகம் சிறிதாகும். கல்லானதும் காற்றை வெளியேற்றிப் பையில் அடைத்துத் தேதி எழுதுங்கள். ஒரு மாதத்துக்குள் தீர்த்துவிடுவது நல்லது.

இளக்குவதில்தான் பலர் அவசரப்படுகிறார்கள். வெந்நீரோ மைக்ரோவேவோ வேண்டாம்: ஓரம் புளித்துக் குழையும், நடு பனியாகவே இருக்கும். எண்ணெய் தடவிய மூடிய டப்பாவில், ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் 24 மணி நேரம். பிறகு மீண்டும் மெதுவாக உருட்டி, வெளியே 3 முதல் 5 மணி நேரம். வெயில் காலத்தில் 2 போதும். விரலால் அழுத்திய குழி மெதுவாகப் பாதி எழும்பினால் விரிக்கலாம். அப்போதும் பின்னுக்கு இழுத்தால் 20 நிமிடம் விட்டுப் பிடியுங்கள். இளகியதை மறுபடி உறைய வைக்க வேண்டாம். மிஞ்சினால் வாணலியில் ரொட்டியாகச் சுட்டுவிடலாம்.